பத்துக் கிலோவுக்கு மேல் இரண்டு

1

எங்கள் ஊரில் கிழங்கு என்றால் மரச்சீனிதான், மற்ற ஊர்க்காரர்களின் மரவள்ளி. உருளைக்கிழங்கு கல்யாண வீட்டுக் கறி. அதை யாரும் கிழங்குக் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த அடிப்படைக் கல்வியோடு கன்னியாகுமரி மாவட்டத்து இரணியலிலிருந்து கிளம்பிய நான், இப்போது இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில், கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் ஒரு வயற்காட்டில், உருளைக்கிழங்கைப் படம்பிடிக்கும் காமிராவுக்கு எடை சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன்.

ஊரில் யாராவது கேட்டால் அம்மா "ஐ.டி." என்று சொல்லிவிடுவாள். அவளையும் குறை சொல்ல முடியாது. திங்கள்சந்தையில் கிழங்கு விற்று மகளை இன்ஜினியரிங் படிக்கவைத்தவள். படித்த மகள் கடல் தாண்டிப் போய் அங்கேயும் கிழங்குக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள் என்று எந்த வாயால் சொல்வாள்?

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இங்கு வந்து ஆறு மாதம் நிறையவிருந்த வாரத்தில் நடந்த ஒரு காரியம். சின்னக் காரியம்தான். ஆனால் அதற்குள் என் வேலையும், எங்கள் மூன்று பேரின் விசாவும், என்னிடம் அன்பாக இருந்த ஒரு மனிதரின் இருபத்தைந்து வருடத்து நல்ல பெயரும் மாட்டிக்கொண்டிருந்தன. மாட்டிவிட்டது நான். அதைக் கண்டுபிடித்தது அம்மா. அதுவும் என்னைப் பாராட்டப் போய்.

2

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் தப்பு உங்களுக்குத் தப்பாகவே தெரியாது. ஊர்க்காரர்கள் பலருக்கு இப்போதும் தெரியவில்லை.

உருளைக்கிழங்கு அறுவடை எந்திரம் ஓடும் வீடு மாதிரி இருக்கும். முன்னால் அகலமான இரும்புக் கொழு மண்ணுக்குள் இறங்கி, கிழங்கையும் மண்ணையும் சேர்த்து அள்ளும். கம்பிச் சல்லடைப் பட்டையில் குலுங்கிப் போகும்போது மண் கீழே கொட்டிவிடும், கிழங்கு மேலேறும். அது பக்கத்தில் வரும் டிரெய்லருக்குள் விழுவதற்குச் சற்று முன்னால், பட்டைக்கு மேலே ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. அதற்குள் விளக்கும் காமிராவும். கீழே ஓடும் ஒவ்வொரு கிழங்கையும் அது படம் எடுத்து, நீளம் அகலம் பார்த்து, எடையைக் கணித்து, வயலின் எந்த இடத்தில் எவ்வளவு விளைந்தது என்று பச்சையும் சிவப்புமாக வரைபடம் போட்டுக் காட்டும். வயல் முழுவதற்கும் ஸ்கேன் எடுத்த மாதிரி இருக்கும்.

காமிராவுக்குக் கண் உண்டு, கை கிடையாது. ஆகவே பருவம் தொடங்கும் முன் யாராவது ஒருவர் எடை தெரிந்த கிழங்கை அதன் கண்முன் ஓட்டி, "இது பத்துக் கிலோ, நன்றாகப் பார்த்துக்கொள்" என்று பழக்க வேண்டும். அந்த யாராவது நான்தான். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, படத்தில் இது கிழங்கு, இது கல், இது மண்கட்டி என்று கோடு போட்டுக் காட்டும் வேலையை நாலு வருடம் செய்தேன். உண்மையான உருளைக்கிழங்கு வயலைப் பார்க்காமலேயே பல லட்சம் உருளைக்கிழங்குகளைப் பார்த்துவிட்டேன். அந்தப் புண்ணியத்தில் இந்த வேலை கிடைத்தது.

ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடிந்ததும் என் மேலாளர் ஹெலன் ஒரு கடிதம் தருவார். "தொடரலாம்" என்றால் தொடரலாம். "வேண்டாம்" என்றால், விசா என் வேலையில்தான் தொங்குகிறது என்பதால், அறுபது நாளில் நான், கணவர் சுஜின், மகள் அம்மு மூவரும் மூட்டை கட்ட வேண்டும். இந்த அறுபதை நான் தினமும் காலையில் பல் தேய்க்கும்போது நினைத்துக்கொள்வேன். எங்கள் ஊரில் இதற்கு வெப்ராளம் என்று பெயர். பதற்றம் என்று எழுதினால் அதில் பாதிதான் வரும்.

இந்த வெப்ராளத்தில் முதல் வாரமே ஹெலன் "ஆல்ரைட்?" என்று கேட்டபோது, மகளுக்கு இரண்டு நாளாக வயிறு சரியில்லை என்று தொடங்கி முழு விவரமும் சொன்னேன். இங்கு அது வணக்கம் மாதிரி, பதில் தேவையில்லை. ஹெலன் ஆறாவது நிமிடம்வரை பொறுமையாகக் கேட்டார்.

எங்கள் கம்பெனியின் காமிராவை வாங்கிப் பொருத்திய பண்ணையில் எந்திரத்தை ஓட்டுபவர் கீத். அறுபதை நெருங்கும் உள்ளூர்க்காரர். அம்மா இன்றுவரை அவரைக் கீதா என்றுதான் நினைத்திருக்கிறாள். "பொம்பள ஒருத்தி இவ்ளோ பெரிய வண்டி ஓட்டுகாளே, மிடுக்கிதான்" என்பாள். திருத்த எனக்கு மனம் வரவில்லை. கீத் பேசும் ஆங்கிலம் ஹெலனுக்கே பாதி புரியாது. அதனால் அவர் பேச்சை இங்கே எங்கள் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன். மொழிபெயர்ப்பு அதுதான் சரி. பெண்களை அவர் "டக்" என்று கூப்பிடுவார். வாத்து. முதல் நாள் நான் என் நடையைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். பிறகு அது நாங்கள் பிரியமாகக் கூப்பிடும் "மக்கா"வுக்குச் சமம் என்று தெரிந்தது.

மழையில் நான் டயருக்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்ற ஒரு நாள், கீத் கதவைத் திறந்து சொன்னார்: "உள்ள கேறி இரு மக்கா. நனஞ்சா காமிராவுக்கு ஒண்ணும் ஆவாது. ஒனக்குத்தான் ஆவும்." இந்த நாட்டில் என்னை உள்ளே கூப்பிட்ட முதல் ஆள் அவர்.

3

பழக்கும் நாளன்று நாற்பது வாளி. ஒவ்வொன்றிலும் கழுவித் துடைத்த கிழங்கு, சரியாகப் பத்துக் கிலோ. மின்தராசில் வைத்து, பத்து என்று எண் நின்றதும் தாளில் எழுதி, வாளியை இறக்கி, பட்டையில் கொட்ட வேண்டும். நான் கொட்டக் கொட்ட ஹெலன் கணினியில் காமிராவின் எண்ணைப் பார்த்தார். காமிரா கொஞ்சம் கூடவே சொன்னது. பத்துக்குப் பத்தரைக்குப் பக்கம்.

"ஆசைப்படுகிறது. குறைத்துவிடுகிறேன்" என்று ஹெலன் காமிராவின் கணக்கைக் கீழே இறக்கினார். கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட ஒரு வீடியோவும் எடுத்தார். எனக்கு நல்ல சட்டை போடாமல் போனோமே என்ற ஒரே கவலைதான்.

அறுவடை தொடங்கியது. டிரெய்லர்கள் பண்ணையின் எடைமேடைக்குப் போகும். வழக்கமாக ஒட்டி வரும் மண்ணுக்கு நூற்றுக்கு ஒன்று கழித்து அங்கே நூறு டன் என்று வந்தால், காமிரா தொண்ணூற்றாறு என்றது. முதல் நாளும் அப்படி, மூன்றாம் நாளும் அப்படி. வயல் மாறினாலும் அதே கதை.

இந்த நாலு எங்கே போனது? பண்ணைக்காரருக்கு அதில் சந்தேகமே இல்லை. காமிரா கிழங்கை மட்டும் பார்க்கிறது. எடைமேடை எல்லாவற்றையும் நிறுக்கிறது. அப்படியென்றால் மீதி நாலும் மண். மண் எப்படி வந்தது? ஓட்டுகிறவர் கொழுவை ஆழமாக இறக்கி, வேகமாக ஓட்டி, வாரிக்கொண்டு வருகிறார். ஓட்டுகிறவர் யார்? கீத்.

"ஒரு வாளி எடுத்துக் கழுவிப் பாக்கப்பிடாதா?" என்று கீத் கேட்டார். வருடாவருடம் அப்படித்தான் செய்வார்களாம்: ஒரு வாளி எடுத்து, நிறுத்து, கழுவி, திரும்ப நிறுத்தால் மண் எவ்வளவு என்று தெரிந்துவிடும். இந்த வருடம் காமிரா வந்துவிட்டதே, இனி எதற்குக் கழுவ வேண்டும் என்று அதை நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தலாம் என்று விற்பனையின்போது சொன்னதும் எங்கள் கம்பெனிதான்.

கீத் வாதாடவில்லை. கொழுவைக் கொஞ்சம் உயர்த்தினார். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், படத்தில் தெரிந்தது. அதுவரை முழுசாக வந்துகொண்டிருந்த கிழங்குகளுக்கு நடுவே, வெள்ளை வெளேரென்று வெட்டுப்பட்டவை வரத்தொடங்கின. மண்ணை அள்ளிவிடக் கூடாது என்ற பயத்தில், கொழு கிழங்கின் நடுவிலேயே போயிருக்கிறது. முதல் நாள் ஒன்றிரண்டு. மூன்றாம் வாரத்தில் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒரு மனிதர் பயப்படுவதைக் காமிரா மேலிருந்து வரிசையாகப் படம் எடுத்துத் தள்ளியது. நான் ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு போட்டு, "சேதம்" என்று பெயர் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை பண்ணைக்காரர் சொல்லிவிட்டார். திங்கள் முதல் எந்திரத்தில் வேறு ஆள். கீத் கிடங்கில் நின்று மண்கட்டி பொறுக்கட்டும்.

என் கடிதத்துக்கு ஹெலன் குறித்திருந்த நாள் புதன்.

4

வீட்டில் இதெல்லாம் ஓடுவதே தெரியாமல் அம்மு தனியாக ஒரு நாட்டில் குடியேறிக்கொண்டிருந்தாள். ஆறு வயது. ஏப்ரலில் வந்து இறங்கும்போது "ரெஸ்ட் ரூம்" என்பதைத் தவிர ஆங்கிலம் பேசப் பயந்தவள், செப்டம்பரில் என் ஆங்கிலத்தைத் திருத்தினாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். நான் விடாமல் தமிழிலேயே கேட்டால், பதிலே இல்லை, தோளைக் குலுக்குவாள். தோளைக் குலுக்குவதற்கு எந்த மொழியும் வேண்டாம் பாருங்கள்.

பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. "வீட்டில் குழந்தை அதிகம் பேசும் மொழி எது?" தமிழ் என்று எழுதினேன். பிறகு பொய் சொல்கிறேனோ என்று அடித்தேன். அடித்தால் உண்மையாகிவிடுமோ என்று பயந்து மறுபடி எழுதினேன். கடைசியில் அந்தக் கட்டம் கிழிந்துவிட்டது. புதுப் படிவம் கேட்டுப் போனால், அலுவலகத்தில் இருந்த பெண் அதற்கு வேறொரு படிவம் இருக்கிறது என்றார்.

சுஜினிடம் சொன்னேன். பார்சல் கிடங்கு வேலை முடிந்து வந்து, பேன்ட்டை மாற்றிச் சாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். "பிள்ள ரெண்டு மொழியும் பேசும். நீ எதுக்குக் கெடந்து உருகுக?" என்றார்.

"நாளைக்கு எனக்க அம்மைகிட்ட பேசத் தெரியாம நின்னா?"

"ஒனக்க அம்மை பேச விட்டாத்தானே."

அது உண்மைதான். ஆனாலும் அதைச் சொல்வதற்கு இவர் யார் என்று அன்று முழுக்க அவரோடு ஒரு வார்த்தைக்கு இரண்டு வார்த்தை பேசவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா வீடியோவில் வந்தாள். சந்தை முடிந்து, குளித்து, நெற்றியில் நாமம் இட்டு, "அய்யா உண்டு" என்று எங்கள் அய்யாவழி வணக்கத்தோடு தொடங்கினாள். நீ அங்கே என்னதான் செய்கிறாய் என்று அவள் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்ததால், முந்தைய நாள்தான் ஹெலன் எடுத்த வீடியோவை அனுப்பியிருந்தேன். கீத்தை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளிடம் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பாத்தேன் மக்கா. நாலு வாட்டி பாத்தேன். கொள்ளாம்!" என்றாள். "நான் நெனச்சேன், வெள்ளக்காரன் நாட்டுல போயி ஒனக்க கை சுருங்கியிருக்கும்னு. சுருங்கல்ல."

"என்ன கை?"

"நிறுத்து எறக்குன பொறவு ரெண்டு எடுத்து மேல போடுகியே, அந்தக் கை. ஆனா கேட்டியா, ரெண்டாவதா போட்டது ரெம்பப் பெருசு. அவ்ளோ பெருசு போடப்பிடாது. ஒண்ணு போட்டா மதி. அவன் என்ன நமக்கு மாமனா மச்சானா?"

"நான் ஒண்ணும் போடலியே அம்மா."

"ஏட்டி, எனக்கென்ன கண்ணு பொட்டையா? மூணாவது வாளியப் பாரு. எழுதுக, எறக்குக, போடுக. நம்ம கடையில நின்ன மாதிரியே இருக்கு."

போனை அம்முவிடம் கொடுத்துவிட்டு மடிக்கணினியில் பார்த்தேன். வீடியோவில் ஏழு வாளி இருக்கிறது. ஏழிலும் நான் தராசைப் பார்க்கிறேன். பத்து என்று எழுதுகிறேன். வாளியை இறக்குகிறேன். பிறகு என் இடது கை, அது என்னுடையது என்பதே தெரியாத மாதிரி, பக்கத்துக் குவியலுக்குப் போய் இரண்டு கிழங்கை எடுத்து வாளியின் தலையில் வைக்கிறது. வைத்துவிட்டு ஒரு தட்டுத் தட்டுகிறது. பிறகு பட்டையில் கொட்டுகிறேன். முகத்தில் ஒரு திருப்தி வேறு.

கடையில் எட்டு வயதிலிருந்து நின்றிருக்கிறேன். தராசு சமமாக நின்றதும் எடுத்துக் கொடுத்தால் அம்மா முறைப்பாள். "ஒப்பத்துக்கு நிறுக்கது பொன்னுக்கு. கிழங்குக்கு ஒப்பம் பாக்கப்பிடாது" என்பாள். மேலே ஒரு துண்டு போடாமல் கொடுத்தால் வாங்குகிறவர் முகம் கோணும். கொடுக்கிறவர் மானம் போகும். மற்ற ஊர்களில் இதைக் கொசுறு என்பார்கள். எங்கள் கடையில் அதற்குப் பெயரே கிடையாது. மூச்சு விடுவதற்குப் பெயர் வைத்துக்கொண்டா விடுகிறோம்?

ஆக, காமிரா ஆசைப்படவில்லை. பத்தரைக் கிலோவைப் பார்த்துப் பத்தரை என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. தாளில் நான் எழுதிய பத்தை நம்பி ஹெலன் அதன் கணக்கைக் குறைத்தார். அன்றிலிருந்து அது எல்லாவற்றையும் நூற்றுக்கு நாலு குறைத்துச் சொல்கிறது. அந்த நாலுதான் கீத்தின் மண்.

பின்னால் நின்று அம்மு பார்த்துக்கொண்டிருந்தாள். "தட்ஸ் சீட்டிங், மம்" என்றாள்.

"கூடக் கொடுத்தா எப்படி மக்களே சீட்டிங் ஆகும்?"

"யூ ரோட் டென். இட்ஸ் நாட் டென்."

போனிலிருந்து அம்மா கேட்டாள்: "பிள்ள என்னவாக்கும் சொல்லுகா?"

"தாராளமா போடுகேன்னு சொல்லுகா."

"அவளும் நம்ம பிள்ளைதானே" என்றாள் அம்மா.

6

சுஜினிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை பார்த்துவிட்டு, முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. அவருக்கும் அறுபது நாள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கு, எனக்கு, அம்மைக்கு, பிள்ளைக்கு."

"ஒனக்க அம்மைக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கு தைரியம் கெடையாது. பிள்ளையத்தான் பேசாம வைக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "புதன்கிழமை வரைக்கும் வாயத் தொறக்காதே. கடுதாசிய வாங்கு. வியாழக்கிழமை போயி சொல்லு. நேர்மைக்கு என்ன, ரெண்டு நாளு பொறுக்காதா?"

சொன்னால் அசிங்கமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன்: அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததோடு, அதற்குக் காரணங்களும் சேர்த்தேன். கீத் வேலையை இழக்கவில்லையே, இடம்தானே மாறுகிறார்? கிடங்கில் குளிர் குறைவு, அவர் முதுகுக்கும் நல்லது. என் பிள்ளைக்கு இப்போதுதான் பள்ளியில் ஒரு தோழி கிடைத்திருக்கிறாள். படித்த பெண், பொறுப்பான மனைவி, பக்குவமான தாய் என்று பெயரெடுத்தவளுக்குக் கோழைத்தனத்துக்குக் கூட ஒழுங்காகக் காரணம் எழுதத் தெரிகிறது.

எதற்கும் இருக்கட்டும் என்று கம்பெனியின் தவறு அறிவிக்கும் படிவத்தை மட்டும் திறந்து பார்த்தேன். "மூல காரணம்" என்ற இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: எந்திரக் கோளாறு, வானிலை, களைப்பு, பயிற்சிக் குறைவு, பிற. பயிற்சிக் குறைவு என்று எப்படிப் போடுவது? இருபது வருடப் பயிற்சி அது. "பிற" என்று போட்டேன். விளக்கவும் என்றது, நூறு சொல்லுக்குள். எடை சமமாக இருந்தால் அது ஏன் குறைவு என்பதை ஆங்கிலத்தில் நூறு சொல்லில் எழுதிப் பாருங்கள். மூன்றாவது முயற்சியில் நான் எழுதியது ஒரு லஞ்ச வழக்கு வாக்குமூலம் மாதிரி இருந்தது. அழித்துவிட்டு மூடினேன். புதன் வரை பொறுப்பது என்று முடிவாயிற்று.

திங்கள் காலை ஏழு மணிக்கு, பண்ணையில் எங்களுக்கு ஒதுக்கியிருந்த அலுவலகத்துக்குக் கிடங்கு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. பட்டையின் இரண்டு பக்கமும் பருவ வேலைக்கு வந்த இளம்பெண்கள் நின்று மண்கட்டி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், எல்லோரையும்விட ஒரு முழம் உயரமாக, கீத். துவைத்துத் தேய்த்த புதுக் கோட்டு போட்டிருந்தார். முதல் நாள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மாதிரி.

"வா மக்கா," என்றார். "பாத்தியா, நான் வாரிக்கொண்டு வந்த மண்ண நானே பொறுக்குகேன்." பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். கீத்தும் சிரிக்கப் பார்த்தார். அவர் கையில் மண்கட்டி ஒன்று இருந்தது. பொறுக்குவதற்கு அங்கே அதிகம் இல்லை.

நேராக ஹெலனின் அறைக்குப் போனேன். உட்காரச் சொல்வதற்குள் சொல்லிவிட வேண்டும். உட்கார்ந்துவிட்டால் எனக்கு இன்னொரு யோசனை வந்துவிடும்.

"நான் வாளிகளில் கூடுதலாகக் கொடுத்துவிட்டேன்" என்றேன்.

ஹெலன் பேசுவது எப்போதும் செய்தி வாசிப்பது போல இருக்கும். "யாருக்குக் கொடுத்தாய்?" என்றார்.

"பட்டைக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். மூன்றாவது வாளிக்குப் பிறகு அவர் பேனாவை எடுத்துத் தாளில் ஏதோ கணக்குப் போட்டார். மறுபடி போட்டார். நாலு என்று வந்திருக்க வேண்டும். எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார்.

"ஏன் அப்படிச் செய்தாய்?"

"போடாமல் இருப்பது மரியாதை இல்லை."

"வாளிக்கா?"



7

கீத்திடம் நானே சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் கட்டிப்பிடித்து "பரவாயில்ல மக்கா" என்று சொல்வார் என்று கற்பனை செய்திருந்தேன். அவர் கையுறையை மெதுவாகக் கழற்றினார்.

"மூணு வாரம்," என்றார். "மூணு வாரமா எல்லாப் பயலும் என்னப் பாத்து களியாக்குனான். எனக்க வீட்டுக்காரி, ஒங்களுக்குக் கண்ணு தெரியல்லியான்னு கேட்டா. நானே போயி கண்ணு டெஸ்ட் எடுத்தேன் பிள்ளே. நீ சும்மா ரெண்டு கிழங்கு தானம் குடுத்ததுக்கா?"

"தப்புதான், கீத்."

"யாருக்குக் குடுத்தே? ஒரு மனுசனுக்குக் குடுத்தாலும் செரி."

நின்றேன். அவர் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நாளைக்கி திரும்ப நிறுப்பிய இல்லியா? நான் வந்து பக்கத்துல நிப்பேன். ஒனக்க கையத்தான் பாப்பேன். வேற எங்கயும் பாக்கமாட்டேன்."

சொன்னபடி நின்றார். செவ்வாய்க்கிழமை, நாற்பது வாளி. முதல் வாளியில் பத்து என்று எழுதி இறக்கியதும் என் இடது கை கிளம்பியது. "ஏ!" என்றார் கீத். கை திரும்பியது. இரண்டாவது வாளியிலும் "ஏ!" ஐந்தாவதில் நானே இடது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஒற்றைக் கையால் பத்துக் கிலோ வாளியைச் சரிப்பது எளிதல்ல; அவர் உதவவில்லை. சமமாக நின்ற ஒவ்வொரு வாளியையும் கொட்டும்போது, யாரோ ஒருவருடைய பிள்ளைக்குக் குறைத்துப் போட்டுவிட்ட மாதிரி எனக்குக் கூசியது. நாற்பதாவது முடிந்து ஹெலன் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார். காமிராவும் தராசும் ஒரே எண்ணைச் சொன்னன.

பண்ணைக்காரர், காமிராவைப் பற்றித் தான் ஆரம்பத்திலேயே சந்தேகப்பட்டதாகச் சொன்னார். கீத்தை அன்று மதியமே எந்திரத்தில் ஏறச் சொன்னார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கி ஓட்டுநர் இருக்கையில் வைத்திருந்தார். எங்கள் ஊர் ஆண்களிடமும் இதே வழக்கம் உண்டு என்பதால் எனக்கு அது புரிந்தது.

புதன்கிழமை கடிதம் வந்தது. தொடரலாம் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. தகுதிகாண் காலம் இன்னும் மூன்று மாதம் நீட்டப்படுகிறது. எழுத்துபூர்வமான எச்சரிக்கை ஒன்று என் கோப்பில் இருக்கும். இனி எந்த எடையையும் நான் தனியாகப் போடக் கூடாது. அதோடு, நிறுத்திவைத்திருந்த வாளி கழுவும் வேலை திரும்பத் தொடங்குகிறது. அதை நான் செய்ய வேண்டும்.

சுஜின் கடிதத்தைப் படித்துவிட்டு, "வியாழக்கிழமை சொல்லியிருந்தா..." என்று தொடங்கினார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். அம்மாவிடம் சுருக்கமாகச் சொன்னேன்.

"கூடப் போட்டது குத்தமா?" என்றாள். "அப்போ கொறச்சுப் போட்டிருந்தா?"

"அதுவும் குத்தம்தான் அம்மா. பத்துன்னா பத்து."

  "மூணு மாசம் பாரு," என்றாள். "ஆவலன்னா இங்க வா. நம்ம தராசு இருக்கு." அதில் ஆறுதல் எவ்வளவு, மிரட்டல் எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை வயலின் ஓரத்தில், தண்ணீர்க் குழாயும் தராசும் வாளியுமாக நின்றேன். சாட்சிக்குக் கிடங்கிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். முதல் டிரெய்லரிலிருந்து ஒரு வாளி எடுத்து நிறுத்தோம். கழுவினேன். விரல் மரத்துப்போகும் குளிர். துடைத்துத் திரும்ப நிறுத்தோம். வெட்டுப்பட்ட கிழங்கு ஒன்றுகூட இல்லை. கீத் கொழுவைப் பழைய ஆழத்துக்கு இறக்கிவிட்டிருந்தார். மண் கொஞ்சம் இருந்தது. நூற்றுக்கு ஒன்று.

வயலின் அந்தக் கோடியில் எந்திரம் திரும்பிக்கொண்டிருந்தது. இடுப்பில் இருந்த ரேடியோவில் கீத்தின் குரல் வந்தது. செவ்வாய்க்கிழமை போட்ட "ஏ!"களைக் கழித்தால், திங்கட்கிழமைக்குப் பிறகு அவராக என்னிடம் பேசியது அப்போதுதான்.

"எவ்ளோ மண்ணு?"

"ஒண்ணு."

"ஒண்ணா?" என்றார். "அரைன்னு போடு மக்கா. ஒன்னால நான் எவ்ளோ பட்டிருக்கேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன். அவருக்கு நான் கொடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது; அரையாவது கொடுத்தால் என்ன என்று ஒரு மனம் சொன்னது. பேனா அந்தக் கட்டத்துக்கு மேல் நின்றது. பிறகு ஒன்று என்று எழுதினேன்.

"ஒண்ணுதான், கீத்."

ரேடியோவில் ஒரு சத்தம் வந்தது. சிரித்தாரா, கியர் மாற்றினாரா என்று தெரியவில்லை. எந்திரம் அடுத்த வரிசையில் இறங்கியது. இந்த முறை அவர் மெதுவாக ஓட்டினார்.